வளைக்குள் உழைக்கும் தசை

மண்ணுக்கடியிலேயே உண்டு, உறங்கி, குட்டி ஈன்று வாழ்நாளைக் கழிக்கும் பாலூட்டிகள் பல கண்டங்களில் உள்ளன. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் அகழெலிகளும், வட, மத்திய அமெரிக்காவில் கோஃபர்களும், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை நாடுகளில் குருட்டு மண்ணெலிகளும், சகாராவுக்குத் தெற்கே பலவகை ஆப்பிரிக்க மண்ணெலிகளும் வளை தோண்டி வாழ்கின்றன. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அகழெலி மூஞ்சூறுக்கு உறவு. மற்றவை கொறிக்கும் விலங்குகள். வெவ்வேறு வழியில் மண்ணுக்குள் போன இவை எல்லாமே ஒரே சிக்கலைச் சந்தித்தன. மண் தோண்டுவதற்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். மூடிய வளையிலோ ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு பெருகக்கூடும். அந்தக் காற்றை மூச்சிழுத்துக்கொண்டே தசை எப்படிக் கடினமாக உழைக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஒன்றரை நூற்றாண்டு நீளமானது. அதில் முதலில் காற்றும் பிறகு இரத்தமும் ஆராயப்பட்டன. தசையின் பங்கு கடைசியில்தான் தெளிவாயிற்று.

அகழெலி பிடிப்பவர்கள் அறிந்தது

இந்த விலங்குகளின் ஆற்றலை முதலில் அறிந்தவர்கள் அறிவியலாளர்கள் அல்லர். அகழெலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். மேற்கு ஐரோப்பாவில் மேய்ச்சல் நிலத்தையும் கால்வாய்க் கரைகளையும் அகழெலிகளிடமிருந்து காக்க ஊர்தோறும் ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவர்களில் பெயர் நிலைத்தவர் பிரான்சின் ஹென்றி லெ கூர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை ஒட்டி வாழ்ந்த அவர், அகழெலியின் வழித்தடங்களையும் பழக்கங்களையும் பல ஆண்டுகள் கவனித்துக் கற்றவர். அவருடைய அறிவைத் திரட்டி காதே த வோ என்பவர் 1803இல் ஒரு நூல் வெளியிட்டார். விலங்கியலாளர் ழோஃப்ருவா சேன் ஹிலேரும் லெ கூரை நேரில் சந்தித்து அவரது முறைகளைப் பார்த்தார்.

அகழெலி எவ்வளவு விரைவாக ஓடும் என்று லெ கூர் காட்டிய சோதனை பின்னர் இயற்கை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தெழுதப்பட்டது. விலங்கு அன்றாடம் சென்றுவரும் சுரங்கத்தின் மேற்கூரையில் அங்கங்கே வைக்கோல் தாள்களைச் செருகினார். ஒவ்வொன்றின் மேல்நுனியிலும் ஒரு சிறு காகிதக் கொடி. கீழே அகழெலி உரசிச் சென்றால் மேலே கொடி அசையும். அகழெலி சுரங்கத்தின் ஒரு கோடியில் இரை தேடிக்கொண்டிருந்தபோது அதன் அருகே கொம்பு ஊதினார். பயந்து ஓடிய அகழெலியின் வழியில் கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. குதிரையின் துரித நடைக்கு ஈடான வேகம் என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டனர். இருட்டு வளைக்குள் இந்தச் சிறிய உடலுக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க அன்றைய உடலியலிடம் கருவிகள் இல்லை.

சிவப்பு நிறத்தின் பொருள்

அந்தக் கருவிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயின. 1865இல் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே, தசையின் குழாய்களிலிருந்து இரத்தத்தை முழுவதும் கழுவி வெளியேற்றிப் பார்த்தார். அப்போதும் தசை சிவப்பாகவே இருந்தது. நிறம் தசைக்கே உரியது, இரத்தத்தின் மிச்சம் அல்ல என்று அவர் முடிவு செய்தார். 1880களில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் மருத்துவராக இருந்த சார்லஸ் மக்மன், நிறமாலைமானி வழியே தசைகளைப் பார்த்து, மூச்சுவினையில் பங்கெடுக்கும் நிறமிகள் அவற்றுள் இருப்பதாக எழுதினார். அக்காலத்தின் பெரும் வேதியியலாளர் ஹோப்பே சைலர் அதை மறுத்ததால் மக்மனின் கண்டுபிடிப்பு ஒதுக்கப்பட்டது. 1925இல் டேவிட் கைலின் அதே நிறமிகளை மீண்டும் கண்டு சைட்டோகுரோம் என்று பெயரிட்ட பிறகே மக்மன் சரியாகப் பார்த்திருந்தார் என்பது உறுதியானது.

தசையின் சிவப்புப் புரதம் இரத்தத்தின் ஹீமோகுளோபினிலிருந்து வேறானது என்பதை 1897இல் மோர்னர் நிறமாலை வேறுபாட்டால் காட்டினார். 1921இல் ஹான்ஸ் குந்தர் அதற்கு மயோகுளோபின் என்ற பெயரைச் சூட்டினார். 1932இல் சுவீடனின் ஹியூகோ தியோரெல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆக்சிஜனைத் தன்னிடம் பிடித்துவைத்து, தசையிழைக்குள் ஆக்சிஜன் குறையும்போது விடுவிப்பது இந்தப் புரதத்தின் வேலை.

இதே காலத்தில் இன்னும் இரண்டு அடித்தளங்கள் இடப்பட்டன. பிரான்சின் பால் பேர் 1878இல் வெளியிட்ட காற்றழுத்தம் பற்றிய பெருநூலில், உயிரைக் காப்பதும் கெடுப்பதும் மொத்தக் காற்றழுத்தம் அல்ல, ஆக்சிஜனின் பகுதி அழுத்தமே என்று காட்டினார். டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து ஆக்சிஜன் தசையிழைக்குள் ஊடுருவிச் செல்லும் தூரத்தைக் கணக்கிட்டார். ஓய்வில் மூடியிருக்கும் பல தந்துகிகள் உழைப்பின்போது திறப்பதால் அந்தத் தூரம் குறைகிறது என்ற அவரது ஆய்வுக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேரும் வழியின் கடைசிக் கட்டத்தில் தூரமே தடை என்பது இதனால் விளங்கியது.

தசைப் புரதம் சூழலுக்கேற்ப மாறும் என்பதற்கான முதல் சான்றுகள் மலையிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தன. பெருவின் ஆல்பெர்ட்டோ ஹுர்ட்டாடோவும் தோழர்களும் 1937இல், ஆண்டிஸ் மலையின் உயரத்தில் வாழும் நாய்களின் தசையில் மயோகுளோபின் மிகுதியாக இருப்பதை வெளியிட்டனர். 1939இல் ராபின்சன், மூழ்கி நீந்தும் கடல்நாய்களின் தசைப் புரதம் ஆக்சிஜன் சேமிப்பாகப் பயன்படுவதைக் காட்டினார். வளைவாழ் விலங்குகளின் தசை அப்போது இன்னும் ஆராயப்படவில்லை.

வளைக்குள் காற்றை அளத்தல்

அவற்றின் தசை ஆராயப்படாததற்குக் காரணம் உண்டு. வளைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்பதே அப்போது அளக்கப்பட்டிருக்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் தாமஸ் கென்னர்லி கோஃபர் வளைகளின் உள்சூழலை அளந்து 1964இல் வெளியிட்டார். 1966இல் பிரையன் மக்நாப் பலவகை வளைவாழ் கொறிவிலங்குகளின் வளர்சிதை மாற்ற வேகத்தை ஒப்பிட்டார். உறவில்லாத இனங்களும் ஓய்வில் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவதில் ஒத்திருந்தன. மூடிய வளையில் உடல் வெப்பம் வெளியேறுவது கடினம் என்பதை அவர் அதற்குக் காரணமாகக் கருதினார்.

ஓய்வில் சிக்கனம் உண்மைதான். தோண்டும்போது நிலை வேறு. 1979இல் டேவிட் விலெக், கோஃபர் ஒரு மீட்டர் வளை தோண்டச் செலவிடும் ஆற்றல், அதே தூரத்தைத் தரைமேல் நடக்கச் செலவாவதைவிட 360 முதல் 3,400 மடங்குவரை இருக்கலாம் என்று கணக்கிட்டார். மண்ணின் இறுக்கத்தைப் பொறுத்தே இந்த வேறுபாடு.

அதே ஆண்டுகளில் இஸ்ரேலில் ரன் அரியேலியும் அமோஸ் ஆரும் குருட்டு மண்ணெலியின் வளைக்காற்றைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பருவம், மண்வகை, மழை, வெப்பம், விலங்கின் நடமாட்டம் ஆகிய எல்லாமே அந்தக் காற்றை மாற்றுவதை 1979இல் அரியேலி விவரித்தார். வளைக்குள் புதுக் காற்று வருவதற்கு மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளே வழி. ஆக்சிஜன் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. எனவே மழையில் ஊறிய களிமண் வளையை ஏறத்தாழ அடைத்துவிடுகிறது.

குருட்டு மண்ணெலிக்கு அந்த மழைக்காலம்தான் உழைப்புக்காலம். கண் தோலுக்கடியில் மறைந்த இந்த விலங்கு முன்பற்களால் மண்ணைப் பெயர்த்து, தலையால் முட்டித் தள்ளிச் சுவரை இறுக்குகிறது. குளிர்கால மழையில் மண் இளகியதும் தோண்டத் தொடங்கி, குட்டி ஈனுவதற்குப் பெரிய மேடுகளை எழுப்புகிறது. 2005இல் இமாத் ஷம்ஸ், ஆரோன் அவிவி, எவியதார் நெவோ ஆகியோர் வெளியிட்ட அளவீடுகளில், நீர் தேங்கிய கனத்த களிமண் நிலத்திலிருந்த ஓர் இனப்பெருக்க மேட்டில் ஆக்சிஜன் 7.2 சதவீதம்வரை குறைந்திருந்தது. கரியமில வாயு 6.1 சதவீதம்வரை ஏறியிருந்தது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். கரியமில வாயு ஒரு சதவீதத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

எல்லா வளையும் எப்போதும் இப்படி இருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் இருவகை மண்ணெலிகளின் வளைகளை ரோப்பரும் தோழர்களும் அளந்து 2001இல் வெளியிட்டபோது, உள்ளிருந்த காற்று வெளிக்காற்றிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. காற்று புகும் மணலில் நிலை வேறு, நீர் நிறைந்த களிமண்ணில் வேறு. உடலின் தகவமைப்பை மதிப்பிடும்போது விலங்கு எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் உழைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை இந்த ஆய்வுகள் நிலைநாட்டின.

இரத்தத்தில் கிடைத்த விடை

வளைக்காற்று தெரியவந்த காலத்தில் ஆய்வாளர்களின் கவனம் முதலில் இரத்தத்தின் பக்கம் சென்றது. மலைவாழ் மனிதரின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதை 1890இல் ஃபிரான்சுவா வியோ பெருவில் கண்டதிலிருந்து, ஆக்சிஜன் குறைவு என்றாலே இரத்தத்தைப் பார்ப்பது மரபாகியிருந்தது. எடுத்துச் சோதிக்க எளிதானதும் இரத்தமே.

1969இல் ஹைன்ஸ் பார்ட்டெல்ஸும் தோழர்களும் அகழெலி, மூஞ்சூறு, முள்ளெலி ஆகியவற்றின் இரத்தத்தை ஒப்பிட்டனர். 1972இல் டார்டன் கோஃபரின் மூச்சியக்கத்தை ஆராய்ந்தார். 1976இல் ஷெல் யோஹான்சென் குழுவினர், கிழக்கு ஆப்பிரிக்காவின் மொட்டை மண்ணெலியின் இரத்தம் ஆக்சிஜனை இறுகப் பற்றும் தன்மையுடையது என்று காட்டினர். ஐரோப்பிய அகழெலியின் ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுகப் பற்றுவதையும், அதற்கு அந்தப் புரதத்தின் கட்டமைப்பே காரணம் என்பதையும் யெல்க்மானும் தோழர்களும் 1981இல் விளக்கினர். வட அமெரிக்காவின் கிழக்கு அகழெலியில் கெவின் காம்பெல் குழுவினர் 2010இல் கண்டது மற்றொரு வழி. அதன் ஹீமோகுளோபினில் நேர்ந்த மாற்றம், கரியமில வாயுவை அதிகமாகச் சுமக்க உதவுகிறது. வெளியேற்றக் கடினமான வாயுவைத் திசுக்களிலிருந்து அள்ளிச் செல்வதும் வளைவாழ்க்கைக்கு இன்றியமையாதது.

இவ்வாறு ஆக்சிஜன் குறைந்த காற்றிலிருந்தும் இரத்தம் தன் சுமையை ஏற்றிக்கொள்ளும் விதம் புரிந்தது. ஆனால் இறுகப் பற்றிய ஆக்சிஜனைத் தசையில் இறக்கியாக வேண்டும். தசைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் மிகத் தாழ்ந்த பிறகே இத்தகைய இரத்தம் தன் சுமையை விடும். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்திலும் வேலை செய்யத் தசை தயாராக இல்லாவிட்டால் இரத்தத்தின் ஏற்பாடு பயனற்றுப் போகும். இந்தத் தர்க்கமே ஆய்வைத் தசைக்குக் கொண்டுவந்தது.

தசையை எண்ணிப் பார்த்தவர்கள்

1976இல் ஆண்ட்ரூ லெக்னர், கடல் மட்டத்திலும் உயர்ந்த மலையிலும் வாழும் கோஃபர்களை ஒப்பிட்ட ஆய்வில் இரத்தத்துடன் தசையின் மயோகுளோபினையும் சேர்த்தார். 2002இல் மக்கின்டயர், காம்பெல், மக்ஆர்தர் ஆகியோர் இரண்டு அமெரிக்க அகழெலிகளை அளந்தனர். நீரில் மூழ்கி இரை தேடும் நட்சத்திர மூக்கு அகழெலியின் தசையில் கிராமுக்கு 13 மில்லிகிராமுக்கு மேல் மயோகுளோபின் இருந்தது. மண்ணில் மட்டும் வாழும் கடலோர அகழெலியைவிட இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். நீரில் மூழ்கும் விலங்கோடு ஒப்பிட்டபோதும் மண்ணில் மட்டும் வாழ்வதன் சேமிப்பு வெகுவாகப் பின்தங்கவில்லை.

ஆயினும் மயோகுளோபின் மட்டுமே தசையின் விடை அல்ல. அதைத் தெளிவாக்கிய ஆய்வு அதற்கு முன்பே, 1997இல் வெளிவந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏவால்ட் வைபெல், நுரையீரல் முதல், தசையில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவரை ஆக்சிஜன் செல்லும் வழி முழுவதையும் எண்ணிக்கையால் அளக்கும் முறையை வளர்த்திருந்தார். ஹார்வர்டின் ரிச்சர்ட் டெய்லருடன் சேர்ந்து ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளில் அதைப் பயன்படுத்தியிருந்தார். இந்த இருவரோடு ஹான்ஸ் ஹொப்பெலர், விட்மர், ஹைஃபா பல்கலைக்கழகத்தின் நெவோ ஆகியோரும் சேர்ந்து, குருட்டு மண்ணெலியையும் ஆய்வக வெள்ளெலியையும் ஒப்பிட்டனர். கட்டுரை அச்சேறும் முன்பே, 1995இல் டெய்லர் காலமானார்.

முறை பொறுமையைக் கோருவது. விலங்கை ஓடுபட்டையில் ஓடவிட்டு, சாதாரணக் காற்றிலும் ஆக்சிஜன் குறைத்த காற்றிலும் அது எவ்வளவு ஆக்சிஜனை உட்கொள்கிறது என்று முதலில் அளக்கப்பட்டது. பின்னர் தசையிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தனர். படத்தின்மேல் கட்டங்களிட்ட வலையை வைத்து, எத்தனை சந்திப்புப் புள்ளிகள் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் விழுகின்றன, எத்தனை வெறும் தசையிழையின் மேல் விழுகின்றன என்று எண்ணினர். பல நூறு படங்களில் இப்படி எண்ணினால் தசையில் ஒவ்வொரு பாகமும் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கிறது என்ற கணக்கு கிடைக்கும்.

முடிவுகள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தன. ஒரே உடல் எடைக்கு, மண்ணெலியின் மொத்தத் தசை வெள்ளெலியினுடையதைவிட 22 சதவீதம் குறைவு. ஆனால் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு 46 சதவீதம் அதிகம். இவை ஒன்றையொன்று ஈடுகட்ட, உடலிலுள்ள மொத்த மைட்டோகாண்ட்ரியா இரண்டிலும் சமமாயிற்று. அதனால் சாதாரணக் காற்றில் இரண்டின் உச்ச ஆக்சிஜன் நுகர்வும் சமமாகவே இருந்தது. இரத்தம் சுமக்கக்கூடிய ஆக்சிஜனிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு பாதையின் இரு முனைகளில் இருந்தது. தசையில் தந்துகிகளின் அடர்த்தி 31 சதவீதம் அதிகம். நுரையீரல் ஆக்சிஜனை ஊடுருவவிடும் திறன் 44 சதவீதம் அதிகம்.

க்ரோக் சொன்ன தூரக் கணக்கு இங்கே பொருந்துகிறது. தசை சிறிதாகவும் தந்துகிகள் நெருக்கமாகவும் மைட்டோகாண்ட்ரியா செறிவாகவும் இருந்தால், ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. அழுத்தம் தாழ்ந்தாலும் அது போய்ச் சேர்கிறது. ஆக்சிஜன் குறைந்தவுடன் வெள்ளெலியின் உழைப்புத் திறன் வீழ்கிறது. மண்ணெலி தன் திறனைப் பெருமளவு காத்துக்கொள்கிறது. நல்ல காற்றில் இந்த அமைப்பால் தனி ஆதாயம் ஏதுமில்லை. வளைக்காற்றுக்கென்றே அமைந்த தசை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதற்கு முன் இருந்ததில்லை.

மரபணுக்களின் காலம்

தசை இப்படி அமைவது எதனால் என்ற கேள்வி அடுத்து வந்தது. 1999இல் அவிவி, நெவோ, லெவி ஆகியோரின் குழு, புதிய இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தின் மரபணு மண்ணெலித் தசையில் சாதாரணக் காற்றிலேயே மிகுதியாக இயங்குவதைக் கண்டது. பிற விலங்குகளில் ஆக்சிஜன் குறைந்த பிறகு தொடங்கும் வேலை இதில் முன்கூட்டியே நடந்துகொண்டிருக்கிறது. தந்துகிகளின் நெருக்கத்துக்கு இது விளக்கம் தந்தது. 2010இல் ஹைஃபா ஆய்வாளர்களும் ஜெர்மனியின் ஹாங்கெல்ன், புர்மெஸ்டர் குழுவினரும், மண்ணெலியின் தசையில் மயோகுளோபின் மரபணுவும் எலியைவிட மிகுதியாக வெளிப்படுவதைக் காட்டினர். ஆய்வகத்தில் 3 சதவீத ஆக்சிஜனில் இந்த விலங்கு 14 மணி நேரம்வரை உயிர்பிழைத்திருப்பது பதிவாகியுள்ளது. 2014இல் இதன் முழு மரபணுத்தொகுதியும் வெளியானது.

மொட்டை மண்ணெலியின் கதை வேறு திசையில் போயிற்று. 1842இல் எத்தியோப்பியாவிலிருந்து ரூப்பெல் விவரித்த இந்த விலங்கை, 1960களில் கென்யாவில் ஆராயத் தொடங்கிய ஜென்னிஃபர் ஜார்விஸ், 1981இல் அது தேனீக்களைப்போல ஒரே அரசியுடன் கூட்டாக வாழ்வதை அறிவித்தார். ஒரே கூட்டறையில் பல உடல்கள் நெருங்கிக் கிடக்கும்போது மூச்சுக்காற்று கெடும். 2017இல் தாமஸ் பார்க், கேரி லூயின் குழுவினர், ஆக்சிஜனே இல்லாத காற்றில் இது 18 நிமிடங்கள் தாக்குப்பிடித்து மீள்வதைக் காட்டினர். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு சுமார் 200இலிருந்து 50ஆக இறங்குகிறது. குளுக்கோஸுக்குப் பதிலாக ஃபிரக்டோஸை எரித்து, ஆக்சிஜன் இல்லாமலேயே இதயமும் மூளையும் ஆற்றலைப் பெறுகின்றன. இது உழைப்பைத் தொடரும் ஏற்பாடு அல்ல. உழைப்பை நிறுத்தி உயிரைக் காக்கும் ஏற்பாடு. குருட்டு மண்ணெலியின் தசை செய்வதும் இதுவும் ஒரே ஆபத்துக்கு இருவேறு விடைகள்.

மயோகுளோபின் ஆய்வும் புதிய பயன் தந்தது. 1958இல் ஜான் கெண்ட்ரூ திமிங்கில மயோகுளோபினின் முப்பரிமாண வடிவத்தை முதன்முதலாக வெளியிட்டார்; 1962இல் மாக்ஸ் பெரூட்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2013இல் லிவர்பூலில் மிர்சேத்தா, பெரன்பிரிங்க் குழுவினர், மூழ்கும் பாலூட்டிகளின் மயோகுளோபினில் மேற்பரப்பு மின்னூட்டம் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஒரே மின்னூட்டமுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குவதால், எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்தாலும் அவை கட்டியாகிவிடுவதில்லை. மின்னூட்டத்தைப் புரதத்தின் வரிசையிலிருந்தே கணக்கிடலாம் என்பதால், மறைந்த மூதாதையரின் தசையையும் ஊகிக்க வழி பிறந்தது. 2021இல் அகழெலி, மூஞ்சூறு, முள்ளெலி வரிசையின் 71 இனங்களை ஆராய்ந்த குழு, அகழெலிக் குடும்பத்தில் முழு வளைவாழ்க்கை இருமுறை தனித்தனியே தோன்றியதாகவும், அந்த வரிசையில் நீர்வாழ்க்கை ஐந்துமுறை தோன்றியதாகவும் முடிவு கண்டது.

இன்றைய நிலையில் வளைவாழ் பாலூட்டிகளின் தகவமைப்பு ஒரே உறுப்பில் அடங்கியதாகக் கருதப்படுவதில்லை. அகழெலியில் ஹீமோகுளோபின் பெரும்பங்கு வகிக்கிறது. குருட்டு மண்ணெலியில் நுரையீரலும் செறிவான தசையும் சேர்ந்து உழைப்புத் திறனைக் காக்கின்றன. மொட்டை மண்ணெலியில் ஆக்சிஜன் இல்லாத வேளைக்கான எரிபொருள் மாற்றம் உயிரைக் காக்கிறது. மண்ணின் தன்மை, மழை, தோண்டும் உறுப்பு, கூட்டு வாழ்க்கை ஆகியவற்றுக்கு ஏற்ப ஒவ்வொரு இனமும் தன் வழியில் சென்றிருக்கிறது. இந்த எல்லா வழிகளிலும் தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனும் தசை அதைச் செலவிடும் விதமும் ஒன்றுக்கொன்று பொருந்தியே அமைந்துள்ளன.